அடித்தல் திருத்தல்

காரைக்குடி, செக்காலை ரோடு, மாடியறை.
மின்விசிறியை மூன்றில் வைத்திருந்தோம்,
நான்கில் வைத்தால் தாள்கள் பறக்கும்.
மேசையில் நான் எழுதிய முதல் கேள்வி:
"அரிசி ஆலைக் குழந்தைகள் காப்பகம்
பயனுள்ளதாக இருந்ததா?"

உமையாள் படித்துவிட்டு ஒரு மிடறு டீ குடித்தாள்.
"இருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க.
கேள்விக்குள்ளேயே
பாயசம் வச்சு நீட்டுறீங்களே."

அடித்தேன்.

இரண்டாவது: எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்?
அது கேள்வியில்லை, பதிவேடு.
நாற்பத்திரண்டு என்று
தலை நிமிராமலே சொன்னார் கணக்கர் அருள்தாஸ்.
மூன்றாவது: தாய்மாரின் வாழ்க்கைத் தரம்
எந்த அளவுக்கு உயர்ந்தது?
மூன்று மாத பட்ஜெட்டில்
எந்தப் படியால் அளப்பது?
அதுவும் போயிற்று.

நாலாவதை நான் எழுதவில்லை.
என் தாளை இழுத்து, தலைப்புக்கும் மேலே
உமையாள் எழுதினாள்:
இல்லை என்று பதில் வந்தால்
நாம் என்ன செய்வோம்?

யாரும் பேசவில்லை.
கீழே கண்டனூர் பஸ் ஒன்று
வெகுநேரம் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் புதுவயல்.
அவித்த நெல்லின் வாடை சட்டையில் ஏற,
களத்தில் காலால் நெல் கிளறிக்கொண்டிருந்த
பஞ்சவர்ணத்திடம்
மிச்சமிருந்த கேள்விகளைப் படித்துக் காட்டினேன்.
அவள் நடையை நிறுத்தவில்லை.
சால் முடிந்து திரும்பும்போதெல்லாம் ஒரு வாக்கியம்.
"நல்லாத்தான் பாத்துக்கிறாங்க."
அடுத்த சாலில்,
"முட்டைகூடக் குடுக்குறாங்க."
அதற்கடுத்த சாலில் ஒன்றுமில்லை.
பிறகு,
"எத்தனை மணிக்குத் தெறக்குறாங்கன்னு
ஏன் எழுதலை?"

ஒன்பதுக்கு.
அவியல் இறக்கிக் களத்தில் கொட்டுவது நாலுக்கு.
நடுவே ஐந்து மணி நேரம்
அவள் மகள்
சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால்
உமிச்சாம்பல் படியத் தூங்குகிறாள்.
நாற்பத்திரண்டில் அவளும் ஒருத்தி.
ஒரு நாள் தவறாத வருகை.
பச்சை மையில் டிக்.

அன்றிரவு வரைவில் முதல் வரி:
அதிகாலை நாலிலிருந்து ஒன்பது வரை
பிள்ளைகள் எங்கே, யார் கண்பார்வையில்?
பக்கத்துக் கட்டம், விடை யாருக்கு வேண்டும்:
திறக்கும் நேரத்தை மாற்றக்கூடியவருக்கு.
அதற்கடுத்த கட்டம், எப்படி அறிவது:
போய்ப் பார்த்து.

சென்னையிலிருந்து நிதி தருபவர்
போனில் கேட்டார், எண்ணாக வருமா என்று.
வரும் சார், ஐந்து.

பயணப்படி நிரலில் பேனாவை ஊன்றிக்கொண்டு
அருள்தாஸ் இருமினார்.
"மூணரைக்கு வண்டி எவன் எடுப்பான்?"

நல்ல கேள்வி.
அதையும் எழுதிக்கொண்டேன்.
இன்னும் ஆள் கிடைக்கவில்லை.