ஒரு சாண்

இரண்டு கோடையாக ஓரெஸ்ட் நின்றுகொண்டேதான் சாப்பிட்டான்,
பாத்திரம் கழுவும் தொட்டியோரம்,
தட்டை அடுப்பின் மேல் வைத்து.
கேட்டால், இங்கிருந்து ஏரி நன்றாகத் தெரிகிறது என்பான்.
அந்த ஜன்னலில் தெரிந்தது
பக்கத்து வண்டியின் கழிவுநீர்க் குழாய்.

கதிரடிக்கும் இயந்திரம் தின்றது போக
மருத்துவமனை திருப்பிக் கொடுத்த முழங்கால்
மடங்காது.
எங்கள் வண்டியில் எல்லாமே அறைந்து வைத்தவை:
எதிரெதிரே இரண்டு இருக்கைப் பெட்டிகள்,
நடுவில் ஒற்றை இரும்புக்கால் மேஜை,
அதுவும் தரையோடு.
எல்லாம் ஒரு சாண் வயிற்றுக்குத்தான் என்பார்கள்.
இவனுக்கு வயிற்றுக்கு முன்னால்
ஒரு சாண் இடம் வேண்டியிருந்தது.
வாய்விட்டுக் கேட்க மாட்டான்.

செப்டம்பர் முதல் வாரம்,
எரிவாயு உருளை மாற்ற
ஃப்ரீசனின் பிக்கப்பில் அவன் மூஸ் ஜா போன அன்று
மேஜைக்கடியில் படுத்தேன்.
முதல் திருகு வந்தது.
இரண்டாவது, முனகிக்கொண்டு.
மூன்றாவதன் தலை மழுங்கியிருந்தது;
ரப்பர் பட்டையை வைத்து அழுத்தித் திருப்பினேன்.
நான்காவது சுற்றியது, சுற்றியது,
வரவில்லை.
எங்களுக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்த யாரோ
அதற்கு மட்டும் போல்ட் போட்டு
வெளியே, வண்டியின் அடிவயிற்றில்
நட்டு முடுக்கியிருக்கிறான்.
எதற்கு அவ்வளவு பயந்தானோ.

எல்ஃப்ரீடா ஃப்ரீசன் கூப்பிடாமலே வந்தாள்,
கையில் பாதி உரித்த சோளக்கதிர்.
அவள் மேலே ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்க
நான் வண்டிக்கடியில் ஸ்பேனரோடு மல்லாந்தேன்.
சேறு. அச்சில் ஒட்டிக் காய்ந்த வெட்டுக்கிளிகள்.
ஒரு மிதி என்றால் நிறுத்து,
இரண்டு மிதி என்றால் திருப்பு என்று ஏற்பாடு.
அவளோ சர்ச்சுப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டு
காலால் தாளம் போட்டாள்.
நிறுத்தியும் திருப்பியும் நிறுத்தியும்
மூக்கெல்லாம் துரு உதிர்ந்து
கடைசியில் நட்டு என் நெற்றியில் விழுந்தது.

அடித்தட்டைத் தூக்கினோம்.
தரையில் வட்டமாய் ஒரு புது நிறம்.
விளிம்பில் சிக்கி, நீலமாய் ஒரு துண்டு:
மழை கொட்டிய வாரமொன்றில் நாங்கள் அடுக்கி
ஒன்று குறைகிறதென்று சண்டையிட்டு
பெட்டியோடு எறிந்த ஆயிரம் துண்டுப் படத்தின் வானம்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு இரும்புத் தண்டவாளம்,
நடுவே ஓடும் பலகை, பூட்ட ஒரு கொண்டி.
பஸ்ஸில் கனத்த ஆள் ஒருவர்
மனசில்லாமல் இடம் விடுவதுபோல்
மேஜை நகர்ந்தது.

ஓரெஸ்ட் வந்தான். பார்த்தான்.
“நிற்கிறதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லையே” என்றான்.
உருளையை மாட்டினான். கை கழுவினான்.
மறுபடியும் கழுவினான்.
பிறகு பக்கவாட்டில் நுழைந்து, காலை நீட்டி,
உட்கார்ந்தான்.

அப்போதுதான் உறைத்தது,
அவனுக்குக் கிடைத்த சாண்
என் பக்கத்திலிருந்து போயிருக்கிறதென்று.
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பெரோகி தின்றேன்.
மேஜைக்கடியில் அவன் பூட்ஸ்
என் கணுக்காலில் வந்து முட்டியது.
அவனால் எடுக்க முடியாது.
நான் எடுத்திருக்கலாம்.
“கொஞ்சம் தள்ளு” என்றான்,
காலை அல்ல, புளித்த க்ரீமை.

மறுநாள் ஊர் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன்.
கொண்டியைப் போட மறந்திருந்தோம்.
நிறுத்தப் பலகையில் பிரேக் போட்டால்
மேஜை முன்னால் ஓடி அவன் பக்கம் இடம் விட்டது;
கிளம்பினால் பின்னால் போய் என் பக்கம்.
டடக். டடக்.
“நிறுத்திப் பூட்டிவிடவா?”
“வேண்டாம், போ.”

அப்புறம் நெடுஞ்சாலை வந்துவிட்டது.
இந்தச் சமவெளியில் சாலைகள் வளைவதில்லை,
நிற்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.
நூற்றைம்பது கிலோமீட்டர்
பின்னால் ஒரு சத்தமும் இல்லை.
கடைசியாகக் கிளம்பியபோது
என் பக்கம்தான் விரிந்தது.
அவனிடம் சொல்லவில்லை.