பொருந்தாது

கொம்பொனன்ட் என்னுடையதில்லை.
கொழும்பில் யாரோ எழுதி
பூட்டிக் கட்டி அனுப்பிய பெட்டி.
"உள்ளுக்க ஒண்டிலயும் கைவைக்க வேண்டாம்"
என்று தொலைபேசியில் ஒரு குரல்,
பின்னால் வாகன இரைச்சல், பிறகு துண்டிப்பு.

கிளிநொச்சியில், இரும்புக்கடைக்கு மேல்மாடி.
ஏ ஒன்பதில் நெல் லொறி போகும்போதெல்லாம்
திரை கொஞ்சம் நடுங்கும்,
விசைப்பலகைக்குள் உமித்தூசி.
எனக்குத் தந்த வேலை சங்கத்துக் கடன் அட்டை.
நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
பெயர், ஊர், ஏக்கர், மாடு,
கணவர் பெயர்.

கடைசிக் கட்டம் காலியாக இருந்தால்
பெட்டி தானாக ஒரு சொல் போடும்:
பொருந்தாது.

முதல் நாள் அச்சடித்துப் பார்த்தேன்.
தருமபுரம், பொருந்தாது.
விசுவமடு, பொருந்தாது.
அக்கராயன், மூன்று மாடு, பொருந்தாது.
நூற்றுப் பத்தைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டேன்.

தரவில் பிழையில்லை. பெட்டியிலும் பிழையில்லை.
இரண்டுக்கும் வெளியேதான் எனக்கு இடம்:
பெட்டி வரைந்து முடித்த பக்கம்
திரைக்குப் போகுமுன்
ஓர் இமைப்பொழுது
வெறும் எழுத்துச் சரமாய்
என் கையில் வந்து நிற்கும்.
குளத்தைத் தொட அனுமதியில்லாதவன்
வாய்க்காலில் பலகை வைப்பதுபோல
பதினொரு வரி எழுதினேன்.
சொல்லைத் தேடு. பிடி. மாற்று. போகவிடு.

எதாக மாற்றுவது?

'இல்லை' என்று போட்டேன்.
அது தீர்ப்பு. அழித்தேன்.
'தெரியாது' என்று போட்டேன்.
யாருக்கு?
ஒரு கோடு இழுத்தேன், கழித்தல் குறிபோல இருந்தது.
சோற்றுப் பார்சல் மேசையில் ஆறிப்போக,
யுபிஎஸ் கீச்சிட்டுக் கீச்சிட்டு ஓய,
கடைசியில் அந்த வரியையே வெட்டினேன்,
தலைப்போடு, கட்டத்தோடு.
அட்டை அழகாய்ச் சுருங்கியது.
எனக்கே என்மேல் ஒரு நல்லெண்ணம் வந்தது.

வெள்ளிக்கிழமை அட்டை வாங்க வந்தவர்
முரசுமோட்டை, யோகமலர்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசித்தார்.
திருப்பிப் பார்த்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அவரின்ர இடம் எங்க தம்பி?"

விளக்கினேன்: பெட்டி, வெளியீடு,
நடுவழியில் மறித்து மாற்றுவது.
பொறுமையாகக் கேட்டார்.
"படிவத்தில நீங்கள் ஒண்டும் எழுதேல்லத்தானே அக்கா?"
"எழுதேல்ல.
அதுக்காக இடம் வேண்டாமெண்டு சொன்னனானே?"

கீழே யாரோ கம்பி வெட்டினார்கள்,
நீளமாக, பல் கூச.

அன்றிரவு மின்சாரம் வந்தபின்
பலகையை மறுபடி தூக்கி வைத்தேன்.
இப்போது என் வரிகள் செய்வது இவ்வளவுதான்:
சொல் வந்தால் அதை மட்டும் எடுக்கும்.
தலைப்பை விடும். கட்டத்தை விடும்.
ஒரு பெயரும் முதலெழுத்தும் எழுதும் அகலத்தில்
வெள்ளை.

மேலாளர் கோபிதன் எட்டிப் பார்த்தார்.
"அச்சு விழேல்லையெண்டெல்லோ சனம் நினைக்கும்."
நினைக்கட்டும் என்றேன், மெதுவாக,
அவர் படியிறங்கிய பிறகு.

கொழும்பில் ஒருநாள் பெட்டியைப் புதுப்பிப்பார்கள்.
வேறொரு சொல் வரும்,
என் வரிகளுக்கு அதை அடையாளம் தெரியாது.
யாரோ ஒரு பிள்ளை இந்தக் கோப்பைத் திறந்து
ஏனிந்த ஓட்டை என்று அடைக்கப் பார்க்கும்.
அதற்காக மேலே ஒரு குறிப்பு விட்டிருக்கிறேன்,
இயந்திரம் வாசிக்காத வரி:

இந்த இடம் பிழையல்ல.
நிரப்பவேண்டாம்.
யோகமலர் அக்கா வந்து கேப்பா.