ஆறு நாள் பழைய புகை

நெருப்பில்லாமல் புகையுமா என்பார்கள்.
புகையும்.
ரெயூனியன் தீவில், மயிதோ உச்சியில்,
இந்தத் திங்கட்கிழமை காலை
என் திரையில் நகர்வது
அணைந்து ஆறு நாளான தீயின் புகை.

செவ்வாயன்று அது ஒரு சிவப்புப் புள்ளி.
ஸாம்பேசி ஆற்றுக்கு வடக்கே
எனக்குப் பெயர் தெரியாத ஒரு சமவெளி.
புள்ளி என்றால் ஒரு சதுரக் கிலோமீட்டர்.
அதற்குள் எத்தனை கொல்லை, எத்தனை எலிவளை,
தீக்குச்சி கிழித்தது இடக்கையா வலக்கையா,
செயற்கைக்கோள் சொல்லாது.
செப்டம்பரில் காய்ந்த புல்லைக் கொளுத்தினால்தான்
மழைக்கு மண் ஆயத்தமாகும்.
கொளுத்தியவர் கைகால் கழுவி
சோளக்கூழ் குடித்துப் படுத்திருப்பார்.

புதனன்று வெளிர் பழுப்பாய் ஒரு கீற்று.
மேகத்துக்கும் புகைக்கும் என்ன வித்தியாசம் என்று
பள்ளிப் பிள்ளைகள் வந்து கேட்டால்
எவ்ரார் சொல்வான்:
மேகம் வெளுத்து வந்த துணி,
புகை வெளுக்கப் போடவேண்டிய துணி.

வியாழன், கடலுக்கு வந்தது.
மொசாம்பிக் தன் பங்கை முன்பே போட்டிருந்தது.
மடகாஸ்கரின் மேற்குக் கரையும்
சும்மா விடவில்லை.
மொய்தான்.
எழுதி வைக்க ஆளில்லாத மொய்.
யார் எவ்வளவு என்று இனி யாரும்
பிரித்துச் சொல்ல முடியாது.

வெள்ளி, தொலைத்துவிட்டேன்.
வெயில் கடல்மேல் நேராக விழுந்து
படம் முழுக்கத் துலக்கிய தட்டின் பளபளப்பு.
அறிக்கையில் "தரவு இல்லை" என்று எழுதினேன்.
தரவு இல்லை என்பதும்
புகை இல்லை என்பதும் ஒன்றல்ல.
அதையும் எழுதி அடிக்கோடிட்டேன்.
யாரும் படிக்கமாட்டார்கள்.

சனி இரவு
பச்சைக் கதிரை வானத்துக்கு விட்டோம்.
கீழே மஃபாத் பள்ளத்தில்,
சாலையே போகாத ஏதோ ஓர் ஊரில்,
ஒரு நாய் அதைப் பார்த்துக் குரைத்தது.
நாலரைக் கிலோமீட்டர் உயரத்தில்
கதிர் எதிலோ இடறியது.
"வந்துட்டார்" என்றான் எவ்ரார்,
ரயிலடியில் நிற்பவன் போல.

வெளியே ஓடி மூக்கைத் தூக்கினேன்.
ஒன்றுமில்லை.
குளிர். ஈரப் புதர். சரிவில் எங்கோ
விடிய விடிய ஜெரேனியம் வடிக்கிற
அடுப்பின் புகை மட்டும்.
அந்த அடுப்பு எந்தப் படத்திலும் இல்லை.
படத்தில் இருப்பதற்கு வாசம் இல்லை.

ஞாயிறு மாலை தொலைபேசி.
சென்-லூவிலிருந்து ஒரு பெண், சினிமாலே வீடாம்.
"சூரியன் ரத்தமா இறங்குது.
எரிமலை வெடிச்சிடுச்சா?"
இல்லைங்க, புல்.
"புல்லா?"
ஆப்பிரிக்காவில் எரிந்த புல். போன செவ்வாய்.
கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.
"எங்க கரும்புக் கொல்லையில
சருகு எரிச்சதுக்கு அபராதம் போட்டாங்க.
இதுக்கு யாருக்குப் போடுவாங்க?"
கேள்வியைக் குறித்துக்கொள்கிறேன் என்றேன்.
குறிக்கவில்லை.
"சரி, துணி காயப் போடலாமா?"
போடுங்கள். அது மேலே போகிறது.
"அப்ப சரி."

மூன்று வருடம் முன்பு
இதே சரிவில் புதர் பற்றியது.
பதினோரு நாள்.
ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு
தண்ணீர்க் குழாய் இழுத்தவர்களில் நானும் ஒருத்தி.
முடியில், சோற்றில், தலையணை உறையில் சாம்பல்.
எந்தக் காற்று எங்கே கொண்டுபோனது என்று
அப்போது யார் பார்த்தார்கள்?
கிழக்கே எவரோ பார்த்திருப்பார்,
காப்பி ஆறிக்கொண்டிருக்க,
எங்களிடமிருந்து கிளம்பிய பழுப்புக் கீற்றுக்கு
அம்புக்குறி போட்டு
"மூலம்: ஒரு சிறு தீவு" என்று எழுதி
சேமித்திருப்பார்.

இன்று புகை
படத்தின் வலது ஓரத்தைத் தொடுகிறது.
அதற்கப்பால் என் வேலை இல்லை.
ஸாம்பேசிக்கு வடக்கே, அதே சமவெளியா தெரியவில்லை,
இரண்டு புதுப் புள்ளிகள்.
எவ்ரார் இன்னும் வரவில்லை.
கிழமையைக் குறிக்கிறேன்.