அரை நிமிஷம்

பெரகலைத் திருப்பத்துக்கு மேலே மண் இறங்கியபோது
காலை ஏழு இருபத்திரண்டு.
நஷ்டஈட்டுப் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.
நேரத்தைத் தவிர அதில் மற்றதெல்லாம் பிழை,
டிலுக்சனின் பெயர் உட்பட.

சாவு வீட்டில் ஆளுக்கொரு 'இருந்தால்'.
ஞாயிற்றுக்கிழமையே போறேன்னவனை
கோழி அடித்து நிறுத்தாமல் இருந்திருந்தால் என்றாள் அம்மா.
டயர் காற்றுப் போகாமல் இருந்திருந்தால்
ஏழு பத்துக்கே ஏற்றியிருப்பேன் என்றார்,
எவரும் அழைக்காமலே வந்து நின்ற பஸ் கண்டக்டர்.
வத்தளையிலிருந்து ஹாட்வெயார் கடை முதலாளி,
இன்னும் ஒருநாள் லீவு கேட்டான், நான்தான் இல்லையென்றேன் என்று
போனில் உடைந்த தமிழில் அழுதார்.
காணியில் பங்கு கேட்பதுபோல்
பழியில் பங்கு கேட்டார்கள்.

மழையை ஒருவரும் திருத்தவில்லை.
மலையையும்.
ஆரோக்கியம் சித்தப்பா மட்டும், நல்ல போதையில்,
"இந்த மலைய மொட்டையடிச்சி
தேயில வைக்காம இருந்திருந்தா
வேரு புடிச்சி வச்சிருக்கும்ல மண்ண" என்றார்.
சாவு வீட்டுல என்ன பேச்சு இது என்று
கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள்.
அவ்வளவு பெரிய 'இருந்தால்'
லயத்துக் கதவுக்குள் நுழையாது.

என்னுடையதை நான் சொல்லவில்லை.

படியிறங்கிப் போனவனை
"டேய், குடை" என்று கூப்பிட்டேன்.
முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தான்,
வாங்கினான், போனான்.
அரை நிமிஷம். கூடினால் நாற்பது செக்கன்.

குடையைப் பொலிஸில் தந்தார்கள்.
இன்ஷூரன்ஸ்காரன் சும்மா கொடுத்த நீலக் குடை.
கம்பிகூட வளையவில்லை.
அழுத்தினால் இன்னமும் டப்பென்று விரிகிறது.

இரவில் நான் கூப்பிடாமல் விடுகிறேன்.
அவன் நனைந்தபடியே பஸ் ஏறுகிறான்,
வத்தளையில் இரண்டு நாள் காய்ச்சல்,
ஒரு குடை தரத் தெரியாதா அக்காவுக்கு என்று
அம்மாவிடம் போனில் கோள் சொல்கிறான்.
நானும் விடுவதில்லை.
அப்பாவின் ஈபிஎஃப் காசில்
நீ வாங்கின பைக் எங்கேடா என்கிறேன்.
விடியும்வரை சண்டை.
பெரட்டுக்குப் போகும்போது
தொண்டை கட்டியிருக்கிறது, உண்மையாகவே.

இன்றைக்கும் மழை.
மிதுஷன் பள்ளிக்கூடப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு
படியிறங்கிவிட்டான்.
கையில் குடையோடு வாசலில் நிற்கிறேன்.
கூப்பிட்டாலும் ஒரு 'இருந்தால்',
கூப்பிடாவிட்டாலும் ஒன்று.
வாய் திறந்தபடி இருக்கிறது.

அவன் பீலிக்கரையைத் தாண்டுகிறான்.