பதினாறு முனைகள்

மதியம் இரண்டரை. காரைக்குடி.
கவுனி அரிசியின் இனிப்பு இன்னும் நாக்கில்.
கருத்தரங்கக் கூடத்தில் முப்பத்தொரு பேர்,
விழித்திருந்தவர்கள் பதினொன்று.
எண்ணினேன். எண்ணுவதுதானே தொழில்.

முதுகுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர்:
கோட்டுருவியலும் சேர்வியல் உகப்பாக்கமும்.
அதன் கீழே நான்,
முனைவர் கர்பகவல்லி.
என் வல்லின றகரத்தை
அச்சகத்தில் யாரோ உருவியிருந்தார்கள்.

ஒவ்வொரு முனைக்கும் மூன்றே கைகள்.
எல்லோரையும் சோடி சேர்க்கவேண்டும்,
ஒருவரும் தனியே நிற்காமல்,
செலவு குறைவாக.
என் வழி சின்னது:
ஒரு விளிம்பை உருவு,
அறுந்த இடங்களைத் தைத்துவிடு,
வரைபடம் சிறுக்கும்.
திரும்ப உருவு. திரும்பத் தை.
நாலு வருஷம், இரண்டு வாடகை வீடு,
ஒரு முறிந்த நிச்சயதார்த்தம்,
எல்லாம் சேர்ந்து இருபத்தாறு ஸ்லைடு.

பதினேழாவதில் ஒரு குரல்,
எழுந்திருக்காமலே:
"உருவின பிறகு பாலம் வந்துட்டா, மேடம்?"

பாலம் என்றால் வேறொன்றுமில்லை,
அறுத்தால் ஊர் இரண்டாகும் ஒற்றை விளிம்பு.

"நல்ல கேள்வி" என்றேன்.
எங்கள் பாஷையில் அதற்கு
'கொஞ்சம் பொறு, எனக்கு வேர்க்கிறது' என்று பொருள்.

புதுவயல் அடைக்கலமேரி, முதுகலை இரண்டாமாண்டு.
வந்தாள். சாக்பீஸ் கேட்டாள்.
நடுவில் ஒரு புள்ளி,
அதிலிருந்து மூன்று பாலம்,
பாலத்துக்கொரு வீடு,
வீட்டுக்கு ஐந்து பேர்.
நடுப்புள்ளி யாரோடு கைகோத்தாலும்
மற்ற இரண்டு வீட்டிலும்
ஆளுக்கொருவர் மிச்சம்.

பதினாறு முனைகள்.
எனக்குத் தெரியாத படமில்லை அது,
எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இருக்கும்.
வாசலில் அதற்குக் காவல் போட்டிருந்தேன்.
நான் தைத்த தையலுக்குள்ளிருந்தே
அது முளைக்கும் என்று
நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மின்விசிறி சுற்றியது.
விழித்திருந்தவர்கள் இப்போது பத்தொன்பது.
"துணைத்தேற்றம் மூன்று பொய்" என்றேன்,
மைக்கில்.
அந்தச் சொல் ஸ்பீக்கர் வழியே சுற்றி
எனக்கே திரும்பக் கேட்டது.

தலைவர் வெள்ளையப்பன் எழுந்து
நேரம் கருதி,
அரிய கண்டுபிடிப்பை வழங்கிய அம்மையாருக்குப்
பொன்னாடை போர்த்தினார்.
கைத்தட்டல். போட்டோ.
போட்டோவில் என் பின்னால் கரும்பலகை,
அதில் பதினாறும் தெளிவாக.

மாலை, வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றி
கானாடுகாத்தான் காட்டினார்கள்.
தெருவெல்லாம் அளவுகோல் வைத்துக் கீறியதுபோல.
இந்தத் தெருவில் வாசல் திறந்தால்
அடுத்த தெருவில்தான் வீடு முடிகிறது.
முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி,
நேர்கோட்டில் கதவுக்குப் பின் கதவு.
பக்கத்தில் நின்ற கோழிக்கோட்டுக்காரர்
பர்மாத் தேக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்கு மட்டும் அது ஒரு விளிம்பு,
இரண்டு தெருவைக் கட்டும் நூறு கஜம்.

"அடுத்தது பூட்டு. சாவி கோயம்புத்தூர்ல"
என்றார் வேன் ஓட்டிய ராமு.
அதற்கடுத்ததும் பூட்டு.
பின்தெருவில் நின்ற வேனுக்குப் போக
முழுத் தெருவையும் நடந்து
ஊருணி ஓரமாக வளைந்தோம்.
பொன்னாடை வேர்வையில் கழுத்தைச் சொறிந்தது.
வழி நெடுக எண்ணிக்கொண்டே வந்தேன்,
எது பூட்டினால் எது துண்டாகும் என்று.
ஒன்றுமே துண்டாகவில்லை.
சுற்று நீண்டது, கால் வலித்தது,
வேன் வந்துவிட்டது.

நின்றேன்.
எந்த விளிம்பையும் உருவலாம் என்றல்லவா
எழுதியிருந்தேன்.
எதை என்று
ஒருமுறையாவது தேர்ந்தெடுத்திருக்கிறேனா?
"மேடம், ரயிலுக்கு நேரமாச்சு" என்றார் ராமு.

நடைமேடை. அழைப்பிதழின் பின்பக்கம்
பேனா மூன்று தடவை கிழித்தது.
ஒன்றும் சரிவரவில்லை.
ஒன்று, ஏறக்குறைய.

ஒன்பது மணிக்குப் புது எண்ணிலிருந்து செய்தி:
"மன்னிக்கணும் மேடம்.
பதினாலில் முயன்றேன், வரவில்லை.
பதினாறுதான் மிகச் சிறியது."

'தெரியும்' என்று அடித்தேன்.
அழித்தேன்.

"இருபத்திரண்டு முனையில் ஒன்று அனுப்புகிறேன்.
பாலம் வராமல்
எந்த விளிம்பை உருவலாம், சொல்."

நீலக்குறி விழுந்தது.
ரயில் வரும் திசையில்
சிக்னல் இன்னும் சிவப்பு.
அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.