பத்துக்கு எவ்வளவு

"பத்துக்கு எவ்வளவு?" என்றாள் மஸ்தூரா.
சுழியம் என்றால் வலியே இல்லை.
பத்து என்றால் ஆம்புலன்ஸ்.

வலிக்கு எண் வைத்து வளர்ந்தவள் இல்லை நான்.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்கள் இருந்தன.
கட்டிலைவிட்டு இறங்கும்போது பிடிப்பு,
காதிப் நிலையப் படிகளில் சுளீர்,
மழைக்கு முந்தைய கடுப்பு,
இரவு இரண்டு மணிக்குக்
குடைச்சல்.

"ஆறு" என்றேன்.
பொய்யில்லை. உண்மையுமில்லை.

செங்காங் திடலில் நடந்தது.
கடைசிக் கால்பகுதி, ஒன்றுக்கு ஒன்று.
ஹாக்கி மட்டையோடு இடப்பக்கம் திரும்பினேன்,
உடம்பு வந்தது,
வலது பாதம் மட்டும் நீலத்தரையிலேயே
நின்றுவிட்டது.
ஈர விறகு முறிந்த சத்தம் என்று
எல்லாரிடமும் சொன்னேன் பிறகு.
பதினோராம் மாடியில் பிறந்தவள்,
விறகு முறிந்து கேட்டதே இல்லை.
உண்மையில் அது
யாரோ ஒரு டின் பானத்தைத் திறந்ததுபோல
அவ்வளவு சின்னதாக இருந்தது.

அறுவை முடிந்து மூன்றாம் வாரம், ஈசூன்.
எங்கும் போகாத ஒரு சைக்கிள்,
எங்கும் ஏறாத மூன்று படிகள்,
சுவரில் விரல்களால் சிலந்திபோல ஏறும்
டிராகன் படகுக்காரர் கொக் ஹெங்,
தோள் உயரத்தில் தினமும் சறுக்குகிறார்.

தேய்த்துவிடுவாள் என்று நம்பி வந்தேன்.
அவள் நாற்காலியைக் காட்டினாள்.
உட்கார். எழு. உட்கார்.
பிறகு, "தொடையை இறுக்கு" என்றாள்.
இறுக்கினேன்.
ஒன்றும் அசையவில்லை.
முப்பத்தாறு வருடம்
சொல்லாமலே செய்த தசை,
இப்போது சொன்னாலும் கேட்காமல்
அலுவலகத்தில் புதிதாய்ச் சேர்ந்தவனைப்போல
என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

கோணமானியின் இரு கைகளையும்
முழங்காலில் பொருத்தி வாசிப்பாள்:
எழுபத்தெட்டு.
அடுத்த வாரம் எண்பத்தொன்று.
மூன்று பாகைக்காக
ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.
பள்ளியில் கணக்குக்கு
இவ்வளவு அழுததில்லை.

மஞ்சள் ரப்பர் பட்டை, பிறகு சிவப்பு, பிறகு பச்சை.
சோபாக் காலில் கட்டி இழுத்தால்
சோபாதான் வருகிறது.
பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில் என்றாள்.
நிற்கிறேன்.
வாயில் நுரையோடு, கொக்குத் தவம்.
வேந்தன் எட்டிப் பார்த்துவிட்டு
வரம் கிடைத்ததா என்கிறான்.
அவனுக்குப் பதில் சொன்னால்
விழுந்துவிடுவேன்.

நான்காம் மாதம் மறுபடி, "பத்துக்கு எவ்வளவு?"
அன்று எனக்கு எண் வரவில்லை.
"குடைச்சல்" என்றேன்.
பேனா நின்றது.
மேல்வீட்டில் சுவருக்கு டிரில் போடுவார்களே,
அது, ஆனால் அவசரமே இல்லாமல், எலும்புக்குள்.
"ஓ," என்றாள், "ஙிலு!
எங்கம்மா முழங்காலுக்கும் அதுதான்."
தொடக்கப்பள்ளியில்
ஙகரத்தில் ஒரு சொல் தேடித் தோற்ற மத்தியானம்
நினைவுக்கு வந்தது.
இருந்திருக்கிறது பாருங்கள்,
அடுத்த வீட்டு மொழியில்.
கோப்பில் இரண்டையும் எழுதினாள்,
பக்கத்தில் சின்னதாய் நான்கு என்றும்.
இரவில் வருவது நல்ல குணமில்லை என்று
படிப்பயிற்சியை ஒரு வாரம் குறைத்தாள்.

எட்டாம் மாதம்,
தரையில் ஒரு வெள்ளை டேப்.
ஒற்றைக்காலில் தாவி, அதே காலில் இறங்கு.
இடது: நூற்றிருபத்தெட்டு சென்டிமீட்டர்.
வலதை டேப்பில் வைத்தேன்.
முழங்கால் தயார்.
நான்தான் இன்னும்
செங்காங்கில் நின்றுகொண்டிருந்தேன்.
நீலத்தரை. ஒன்றுக்கு ஒன்று.
உன்னால் முடியும் என்று
மஸ்தூரா சொல்லவில்லை, நல்லவேளை.
சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன்.
"ஒரு நிமிடம்" என்று
கொக் ஹெங்கின் பட்டையை அவிழ்க்கப் போனாள்.

யாரும் பார்க்கவில்லை.
ஏர்கான் மட்டும்.

தாவினேன்.
இறங்கினேன்.
முழங்கால் கொஞ்சம் தள்ளாடி, யோசித்து,
பிறகு சரி என்றது.
"செய்துவிட்டேன்!" என்று கத்தினேன்.
திரும்பி வந்தவள்
அளவுநாடாவை மெல்ல இழுத்துக்கொண்டே சொன்னாள்:
"நான் பார்க்கலியே.
மறுபடி."