பச்சையப்பன் வேஷம்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
காய்கறிச் சந்தைக்குப் பின்னால் மேடை.
பாதிப் பேர் மலையாளத்தில் சிரிப்பார்கள்,
பாதிப் பேர் தமிழில்.
ஒரு வசனத்துக்கு இரண்டு தடவை
காத்திருக்க வேண்டும்.

அதற்காகத்தான் பெர்னாட் எழுதினான் இந்த வேஷத்தை:
பச்சையப்பன்,
அடுப்பை எடைக்குப் போட்டவன்.
பெண் பார்க்கப் போன வீட்டில்
பஜ்ஜியைத் தள்ளிவிட்டு
மாவிலைத் தோரணத்தை எட்டித் தின்பவன்.
முதலிரவில் பால் சொம்பைப் பார்த்து
"கன்னுக்குட்டி அழாதா?" என்று தேம்புபவன்.
கடைசியில் ஓர் ஆடு வந்து பங்கு கேட்கும்.
ஆட்டுக்கும் நானே குரல்.

ஆளெடுத்தபோது சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.
எலும்பு எண்ண முடிந்தது என்னிடம் மட்டும்.
மூன்று வேளையும் கறி தின்று வளர்ந்த எலும்பு,
அது யாருக்கு வேண்டும்.

கேரட்டைக் கடித்தால் போதும்.
காலர் மைக்கைத் தாடையோரம் குத்தியிருப்பான் சவுண்டு அஜீஷ்.
கறுக்.
இரண்டு பக்கமும் ஒன்றாகப் புரிகிற ஒரே வசனம்.

மாசியில் தொடங்கிச் சித்திரை முடிய
நாற்பத்தோரு மேடை.
மேடைக்கு மூன்று கேரட், ஒரு கட்டு மல்லித்தழை,
ஒரு கீற்றுப் பூசணி. அது நானாகச் சேர்த்தது,
சேர்த்திருக்க வேண்டாம்.
திரும்பும்போது கே.கே.சாவடியில் வேன் நிற்கும்.
முதல் புரோட்டா எனக்குத்தான்.
"பாவம்டா, காலையிலிருந்து மேய்ஞ்சிருக்கு."

அன்றைக்குக் கரண்ட் போனது
கேரட் உதட்டைத் தொட்ட நேரம்.
ஜெனரேட்டர்க்காரன் எங்கேயோ டீ குடிக்கிறான்.
மைக் செத்துவிட்டது.
கடித்தாலும் கேட்காது.
கையை இறக்கிவிட்டேன்.

கறுக்.

நானில்லை.
கீழே, மூன்றாம் வரிசை, இடதோரம்.

கூட்டம் வெடித்தது,
இரண்டு மொழியும் ஒரே மூச்சில்.
அந்த சீசனின் பெரிய சிரிப்பு
நான் கடிக்காத கடிக்கு.

மறுபடி கறுக்.
அவசரம் இல்லை அதில்.
மென்று, விழுங்கி, அடுத்ததற்கு முன்
கொஞ்சம் சும்மா இருந்தது.
யாரோ தன் ராச்சாப்பாட்டை
நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
ஊர் பச்சையப்பா என்று கத்திக் கைதட்டியது.
முழுக் கேரட்டோடு இருட்டில் குனிந்து
வணக்கம் வைத்தேன்.

வெளிச்சம் வந்ததும் தேடினேன்.
காக்கிச் சேலை, தாட்டியான உடம்பு,
சந்தையில் எடைச்சீட்டு எழுதுகிற அம்மாவாக இருக்கலாம்.
மடியில் எவர்சில்வர் டப்பா.
எலும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை.
நான் ஆடாகக் கத்தினேன்.
மற்றவர்களைப் போலவே அவளும்
வாய்விட்டுச் சிரித்தாள்,
ஒரு கையால் டப்பாவை மூடிக்கொண்டு.

நாற்காலி அடுக்குகிறார்கள்.
அவள் இருந்த இடத்துக்கடியில் ஒரு வெள்ளரி முனை,
கசப்புப் போகத் தேய்த்தது,
நுரைகூடக் காயவில்லை.

நாற்பத்தோரு மேடை.
ஒருநாளும் எங்கள் வசனத்தில்
எந்தக் காயும் கசந்ததில்லை.

"புரோட்டாக் கடை சாத்திருவான், வா" என்றான் அஜீஷ்.
பையில் இருந்தது அந்தக் கேரட்.
வேன் இரைச்சலில் கடித்தேன்.
யாருக்கும் கேட்கவில்லை.
இனிப்புத்தான். நறநறவென்று கொஞ்சம் மண்.
கழுவியிருக்கலாம்.